ஐரோப்பிய ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது பல்கலைக்கழகத்தின் கிராண்ட்ஸ் ஆபீஸ் உண்மையில் என்ன செய்யும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. இந்தியாவில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு இரண்டரை ஆண்டுகளாக ஸ்வீடனில் ஒரு பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வாளராக, இருக்கிறீர்கள். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம்தான் மிச்சம். சொந்தமாக ஐரோப்பிய நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்ன பேராசிரியர், "முதலில் கிராண்ட்ஸ் ஆபீஸில் போய்ப் பேசு" என்று, நிதி விண்ணப்பங்களுக்கு உதவும் அந்த அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் எழுதித் தருவார்களா, வெறும் படிவத்தைச் சரிபார்ப்பவர்களா, ஐடியாவைச் சொன்னால் வெளியே கசியுமா, இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இந்த நிதியெல்லாம் உண்டா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் அடியில் ஒரே கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் யாருக்காக வேலை செய்கிறார், எனக்காகவா, பல்கலைக்கழகத்துக்காகவா?

பதினொரு ஆண்டுகளாக ஸ்வீடனில் இதே மாதிரி ஓர் அலுவலகத்தில் ஆலோசகராக இருக்கிறேன். அதற்கு முன்பு நானும் ஆய்வுக்கூடத்தில் இருந்தவள். நான் பார்த்தவை பெரும்பாலும் உயிரியல், பொறியியல், பொருளறிவியல் துறைகளின் விண்ணப்பங்கள்; மானுடவியல், மொழியியல் பக்கம் என் அனுபவம் குறைவு. சட்டம் படித்தவளும் இல்லை. நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர் இருவருக்காகவும் வேலை செய்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதி, விண்ணப்பித்த ஆளின் கைக்கு நேராக வருவதில்லை. ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் ஐரோப்பிய ஆணையத்தின் முகமை கையெழுத்திடும், மறுபக்கம் பல்கலைக்கழகம் கையெழுத்திடும். பணம் வாங்குவது, கணக்கு காட்டுவது, தவறாகச் செலவழித்திருந்தால் திருப்பிக் கட்டுவது எல்லாமே பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அதனால் உங்கள் முன்மொழிவைப் படிக்கும் அதே ஆள் ஒரு கண்ணால் "இது ஜெயிக்குமா" என்று பார்ப்பார், இன்னொரு கண்ணால் "இதற்குப் பல்கலைக்கழகம் கையெழுத்துப் போட முடியுமா" என்று பார்ப்பார். பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒன்றாகவே போகும். மோதுகிற இடங்கள் சில உண்டு, முக்கியமானது பட்ஜெட். அதைப் பின்னால் சொல்கிறேன். இந்த இரட்டை வேலையை நான் முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவேன். உங்கள் ஆலோசகர் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டுவிடுங்கள், தவறில்லை.

உங்கள் நிலையில் இருப்பவருக்கு இரண்டு வழிகள் முதலில் கண்ணில் படும். இரண்டும் ஹொரைசன் யூரோப் என்ற ஐரோப்பிய ஒன்றிய ஆய்வு நிதித் திட்டத்துக்குள் வருபவை. 2021 முதல் 2027 வரை ஓடும் இந்தத் திட்டத்துக்குத் தொடக்கத்தில் சுமார் 9,550 கோடி யூரோ ஒதுக்கினார்கள். ஒன்று, ஐரோப்பிய ஆய்வு மன்றம் தரும் ஸ்டார்ட்டிங் கிராண்ட். எல்லோரும் ஈஆர்சி என்றே சொல்வோம். ஐந்து ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை கிடைக்கும். இன்னொன்று மேரி க்யூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப், ஓர் ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டு வரை. குடியுரிமை இந்த இரண்டுக்குமே தடை இல்லை. மேரி க்யூரியில் குளோபல் ஃபெலோஷிப் என்ற வகை மட்டும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இந்தத் திட்டத்தில் இணைந்த நாடுகள் (இணைவு நாடுகள்) ஆகியவற்றின் குடிமக்களுக்கும் அங்கே நெடுங்காலம் வசிப்பவர்களுக்கும் உரியது. ஐரோப்பாவுக்குள் நடக்கும் வகைக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். அப்படியென்றால் உங்களைத் தடுப்பது எது? நீங்கள் ஸ்வீடனில் இருந்த காலம். மேரி க்யூரியில் ஒரு விதி உண்டு: கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், நிதியைப் பெற்று வேலை செய்யப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் வசித்திருக்கக் கூடாது. இரண்டரை ஆண்டாக இங்கே இருப்பதால் ஸ்வீடன் உங்களுக்குக் கிடையாது. டென்மார்க் கிடைக்கும், ஜெர்மனி கிடைக்கும். ஆனால் அப்போது உங்களுக்கு உதவ வேண்டியது, நீங்கள் போகப்போகும் பல்கலைக்கழகத்தின் அலுவலகம். இதைத் தெரியாமல் தன் பல்கலைக்கழக ஆலோசகரோடு இரண்டு மாதம் செலவழித்தவரை எனக்குத் தெரியும். முதல் சந்திப்பில் யாரோ ஒருவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஈஆர்சிக்கு இந்த இடப்பெயர்வு விதி இல்லை. 2026 வரையான அழைப்புகளில் முனைவர் பட்டம் பெற்று 2 முதல் 7 ஆண்டுக்குள் இருந்தவர்கள் ஸ்டார்ட்டிங் கிராண்டுக்கு வர முடிந்தது. குழந்தை பெற்ற பெண்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் என்று அந்தக் கால எல்லை நீளும். ஆண்களுக்கு உண்மையில் எடுத்த விடுப்பின் அளவு நீளும். இந்த எல்லைகள் அவ்வப்போது மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் விதி ஆவணத்தைப் பார்ப்பது அவசியம். அதைப் படித்து வைத்திருப்பதே எங்கள் வேலையில் ஒரு பெரிய பகுதி. நூறு பக்கத்துக்கும் மேல் போகும் ஆவணங்களில் உங்களுக்குப் பொருந்தும் நான்கு வரியைக் காட்டிக் கொடுப்பதுதான் இந்த அலுவலகத்தால் கிடைக்கும் முதல் பயன்.

இங்கே உங்கள் ஒப்பந்தத்தின் ஆறு மாதத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. ஈஆர்சி 2025 ஸ்டார்ட்டிங் கிராண்ட் அழைப்பு 2024 அக்டோபரில் மூடியது. முடிவு 2025 செப்டம்பரில் வந்தது. அதற்கப்புறம் ஒப்பந்தம் தயாராக வேண்டும். ஆக, விண்ணப்பித்த நாளிலிருந்து முதல் சம்பளம் வரை ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். மேரி க்யூரி கொஞ்சம் வேகம்: செப்டம்பரில் மூடினால் பிப்ரவரியில் முடிவு வரும். ஆறு மாத ஒப்பந்தம் கையில் வைத்திருப்பவருக்கு ஈஆர்சி ஒரு மீட்புப் படகாக முடியாது. நடுவில் உள்ள மாதங்களுக்கு வேறு சம்பளம் வேண்டும், இங்கே தங்க அனுமதியும் வேண்டும். ஆய்வை முடித்தவர்களுக்கு வேலை தேட ஓர் ஆண்டு வரை தங்கும் அனுமதியை ஸ்வீடன் தருகிறது. அதற்கு ஏற்கெனவே உள்ள அனுமதி காலாவதி ஆகும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். அனுமதி விஷயத்தில் கிராண்ட்ஸ் ஆபீஸ் உதவாது. பல்கலைக்கழகத்தின் மனிதவளப் பிரிவையும், இடம் மாறும் ஆய்வாளர்களுக்கென்றே உள்ள யூராக்ஸெஸ் மையங்களையும் கேளுங்கள். இடைக்காலச் சம்பளத்துக்குத் துறைத் தலைவரிடம்தான் பேச வேண்டும். இந்தப் பேச்சை ஒத்திப்போடாதீர்கள்.

அடுத்து, எழுதித் தருவார்களா என்ற கேள்வி. அறிவியலை எழுதித் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஈஆர்சி, மேரி க்யூரி போன்ற தனிநபர் விண்ணப்பங்களில் மதிப்பீட்டாளர் தேடுவது உங்கள் தலைக்குள் இருப்பதை. அதை இன்னொருவர் எழுதினால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். நாங்கள் செய்வது படிப்பது. ஒரு முறை, இரண்டு முறை, சில சமயம் ஐந்து முறை படிப்போம். உங்கள் துறை தெரியாத, ஆனால் அறிவியல் தெரிந்த ஒருவர் படித்து "மூன்றாவது பத்தியில்தான் உங்கள் கேள்வியே வருகிறது, அதை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள்" என்று சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு என்பது அது நடக்கும்போதுதான் புரியும். ஏனென்றால் ஈஆர்சி குழுவில் உங்கள் விண்ணப்பத்தை முதல் சுற்றில் படிப்பவர்களில் பலர் உங்கள் நுண்துறையைச் சேர்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

பல நாட்டுக் கூட்டமைப்பாகச் செல்லும் பெரிய திட்டங்களில் கதை வேறு. அங்கே நிர்வாகப் பகுதி, தரவு மேலாண்மை, திறந்த அறிவியல், பாலினச் சமத்துவம் பற்றிய பத்திகளுக்கு எங்களிடம் அடிப்படை வாசகங்கள் இருக்கும். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே ஒட்டாதீர்கள். ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து போகும் பத்து விண்ணப்பங்களில் ஒரே பத்தி இருந்தால், அதைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு அந்தப் பகுதியை நீங்கள் யோசிக்கவே இல்லை என்றுதான் தோன்றும். கட்டணம் வாங்கி எழுதும் தனியார் நிறுவனங்களும் உண்டு. அவற்றில் நல்லவையும் இருக்கின்றன. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: திட்டம் தொடங்கும் முன் செய்த செலவை அந்த நிதியிலிருந்து எடுக்க முடியாது, எனவே முன்மொழிவு எழுதிய கூலியை யாராவது சொந்தமாகக் கொடுக்க வேண்டும். நார்வேயில் ஆய்வு மன்றம் இதற்கென்றே ஒரு நிதி வைத்திருக்கிறது. ஸ்வீடனில் கூட்டமைப்பை ஒருங்கிணைக்கப் போகிறவர்களுக்கு அரசின் புத்தாக்க முகமையான வின்னோவா சில சமயம் திட்டமிடல் நிதி தந்திருக்கிறது. தனி போஸ்ட்டாக்குக்கு இவை எதுவும் பயன்படாது, அந்தச் செலவும் தேவையில்லை.

என் வேலையில் மிகவும் கடினமானது "இந்த ஆண்டு வேண்டாம்" என்று சொல்வது. ஆர்வத்தோடு வந்து உட்காரும் ஒருவரிடம் அதைச் சொல்ல மனம் வராது. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் சரியாக வராத விண்ணப்பத்துக்கு விலை உண்டு. ஈஆர்சியில் முதல் சுற்றிலேயே குறைந்த தரம் வாங்கினால் அடுத்த அழைப்புகளில் சிலவற்றுக்கு நீங்கள் வர முடியாது. மேரி க்யூரியிலும் 2025 வரை, 70 விழுக்காட்டுக்குக் கீழே மதிப்பெண் வாங்கியவர் அதே பல்கலைக்கழகத்தோடு அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க முடியாது என்ற விதி இருந்தது. பட்டம் பெற்று மூன்றாவது ஆண்டில் அரைகுறையாகப் போவதைவிட, உங்களை வழிநடத்திய பேராசிரியரின் பெயர் இல்லாத ஒரு நல்ல கட்டுரை வெளிவந்த பிறகு ஐந்தாவது ஆண்டில் போவது பலருக்கு நல்லது. எல்லோருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒரு துறையில் புதிய கேள்வி சூடாக இருக்கும்போது காத்திருப்பதும் இழப்புதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: எத்தனை விண்ணப்பம் போனது என்ற எண்ணிக்கையை வைத்தே தங்கள் அலுவலகத்தை எடைபோடும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அங்கே "போட்டுப் பாருங்கள்" என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்னால், அதே துறைக் குழுவில் போன மூன்று ஆண்டில் இங்கிருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் சுற்றுக்குப் போனார்கள் என்று கேளுங்கள்.

இரண்டாம் சுற்று என்றதும் நேர்காணல் நினைவுக்கு வருகிறது. ஈஆர்சி விண்ணப்பத்தில் எங்களால் அதிகம் செய்ய முடிவது அங்கேதான் என்று நம்புகிறேன். முதல் சுற்றைத் தாண்டியவர்களைக் குழு நேர்காணலுக்கு அழைக்கும். சில நிமிடம் பேச வேண்டும், அப்புறம் கேள்விகள். நாங்கள் அதற்கு ஒத்திகை வைப்போம்: ஏற்கெனவே ஈஆர்சி வாங்கியவர்கள், குழுவில் உட்கார்ந்த பழைய உறுப்பினர்கள், வேண்டுமென்றே வேறு துறையிலிருந்து ஒருவர். சில ஆண்டுகளுக்கு முன் தாவர உயிரியல் ஆய்வாளர் ஒருவர் வந்தார். பேச்சை மனப்பாடம் செய்து நொடிக் கணக்கில் முடித்தார், அவ்வளவு அழகு. ஓய்வு பெற்ற ஓர் இயற்பியல் பேராசிரியர் முதல் கேள்வி கேட்டார்: "உங்கள் அடிப்படை ஊகம் தவறு என்று இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்தால் மீதி மூன்று ஆண்டும் என்ன செய்வீர்கள்?" அவரிடம் பதில் இல்லை. அறையில் அரை நிமிடம் அமைதி. கண் கலங்கிவிட்டது அவருக்கு. நாங்கள் காபி குடித்துவிட்டு வந்து, அந்த ஒரு கேள்வியை மட்டும் ஒரு மணி நேரம் பேசினோம். அந்த உரையாடலில் ஊகம் தவறினாலும் அளந்து வைத்த தரவு எதற்கெல்லாம் உதவும் என்பது அவருக்கே தெளிந்தது. பிரசல்ஸ் நேர்காணலில் கிட்டத்தட்ட அதே கேள்வி வந்ததாகச் சொன்னார். நிதி கிடைத்தது.

எங்களால்தான் கிடைத்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது. இந்த இடத்தில் நேர்மையாக இருக்க வேண்டும். பல அலுவலகங்கள் "எங்கள் உதவியோடு போனவர்களின் வெற்றி விகிதம் சராசரியைவிட அதிகம்" என்று விளம்பரம் செய்யும். அந்த எண் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆறு மாதம் முன்பே வந்து உதவி கேட்பவர் ஏற்கெனவே ஒழுங்காகத் திட்டமிடுபவர். உதவி இல்லாமலும் அவர் முன்னணியில் இருந்திருப்பார். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வழி எங்களிடம் இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: தகுதி விதியைத் தவறாகப் படித்ததால் வெளியே தள்ளப்படும் விண்ணப்பங்களை எங்களால் தடுக்க முடிகிறது. போட்டியின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். ஈஆர்சி ஸ்டார்ட்டிங் கிராண்டில் 2025 அழைப்புக்கு வந்த 3,928 விண்ணப்பங்களில் 478 பேருக்குக் கிடைத்தது. மேரி க்யூரி ஃபெலோஷிப்புக்கு 2024-இல் 10,360 விண்ணப்பங்கள்; 2025-இல் 17 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மிக நல்ல விண்ணப்பங்களும் இதில் விழுகின்றன. ஒரு முறை கிடைக்காததை உங்கள் ஆய்வின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பட்ஜெட்டுக்கு வருகிறேன். ஈஆர்சி நிதியில் நேரடிச் செலவு முழுவதையும் ஒன்றியம் தரும். அதன் மேல் கட்டடம், மின்சாரம், நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுக்கு 25 விழுக்காடு, வெளியாருக்குக் கொடுக்கும் துணை ஒப்பந்தச் செலவைக் கழித்துவிட்டு. ஒரு லட்சம் யூரோ நேரடிச் செலவு என்றால் 25 ஆயிரம் கூடுதல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்வீடன் பல்கலைக்கழகங்களின் சொந்தக் கணக்குப்படி மறைமுகச் செலவு பல துறைகளில் இதைவிட அதிகம். அந்த வித்தியாசத்தைத் துறை தன் பையிலிருந்து போட வேண்டும். சம்பளமும் அப்படித்தான்: உங்கள் மாதச் சம்பளத்துக்கு மேல் முதலாளி கட்ட வேண்டிய சமூகப் பங்களிப்பே 31.42 விழுக்காடு, அதற்கு மேல் ஓய்வூதியம். மேரி க்யூரி அறிவிப்பில் பார்க்கும் மாதத் தொகையைச் சம்பளம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர். அந்தத் தொகைக்குள்தான் முதலாளியின் பங்கும் அடங்கியிருக்கிறது. அதனால் துறைத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் பல்கலைக்கழகம் உங்கள் விண்ணப்பத்தை ஏற்காது. ஈஆர்சிக்கு இன்னும் ஒரு படி மேலே: நிதி கிடைத்தால் உங்களை வேலையில் வைத்துக்கொள்வோம், ஆய்வைச் சுதந்திரமாகச் செய்ய விடுவோம் என்று பல்கலைக்கழகம் எழுத்தில் தர வேண்டும். உங்களைப் போல ஒப்பந்தம் முடியப்போகும் போஸ்ட்டாக்குக்கு இந்தக் கடிதம் சுலபமாகக் கிடைக்காது. ஒரு துறையில், பெயர் வேண்டாம், கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு "இணைநிதி போட எங்களிடம் பணமில்லை" என்று கையெழுத்து மறுத்தார்கள். அந்த ஆய்வாளரின் எட்டு மாத உழைப்பு அந்த ஆண்டு வீணாகப் போனது. எனக்கு இன்றும் அது உறுத்துகிறது, ஏனென்றால் துறைத் தலைவரிடம் பேசியாகிவிட்டதா என்று நான் முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும். இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

ஆனால் இந்தப் பேரத்தில் உங்கள் கையிலும் ஒரு பலம் இருக்கிறது. ஈஆர்சி நிதி ஆய்வாளரோடு நகரக்கூடியது. ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தாலும், நீங்கள் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால் அதைக் கூட எடுத்துப் போகலாம். இது பல்கலைக்கழகங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் ஈஆர்சி வாங்கியவருக்கு நிரந்தர வேலை பற்றிய பேச்சு திடீரென்று சுலபமாகிறது.

ஐடியா வெளியே போகுமா என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆலோசகர்கள் பொதுவாக உங்கள் போட்டியாளர்கள் இல்லை. ஆய்வு செய்வதை விட்டுவிட்டு வந்தவர்கள். கவனிக்க வேண்டியது ஸ்வீடனின் வெளிப்படைத்தன்மைச் சட்டம். அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆவணத்தை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம் என்பது இங்கே அடிப்படை விதி. நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் வரைவு பொதுவாக அதில் வராது. அனுப்பி முடித்த விண்ணப்பம் வரலாம், அதிலும் சில பகுதிகள் ரகசியச் சட்டத்தால் காக்கப்படலாம். காப்புரிமைக்குரிய எதையாவது எழுதப்போகிறீர்கள் என்றால் அனுப்பும் முன் பல்கலைக்கழகச் சட்டப் பிரிவிடம் பேசுங்கள், என்னைப் போன்ற ஆலோசகரின் வார்த்தையை நம்பி இருக்காதீர்கள். ஸ்வீடனில் இன்னொரு வித்தியாசமும் உண்டு. 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி பல்கலைக்கழக ஆசிரியர்களின் கண்டுபிடிப்பு அவர்களுக்கே சொந்தம், பல்கலைக்கழகத்துக்கு அல்ல. ஐரோப்பிய ஒப்பந்தமோ முடிவுகளைப் பயன்படுத்தும் உரிமையைக் கூட்டாளிகளுக்குத் தரும் பொறுப்பைப் பல்கலைக்கழகத்தின் தலையில் வைக்கிறது. இரண்டையும் இணைக்க உங்களிடம் ஒரு தாள் நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் படித்துவிட்டுப் போடுங்கள்.

பின்னாளில் கூட்டமைப்புத் திட்டங்களுக்குப் போனால், ஒன்றிய நாடுகள் அல்லது இணைவு நாடுகளில் குறைந்தது மூன்று வெவ்வேறு நாடுகளிலிருந்து மூன்று நிறுவனங்கள் வேண்டும், அதில் ஒன்றாவது ஒன்றிய உறுப்பு நாட்டில் இருக்க வேண்டும். கூட்டாளிகளைப் பிடித்துக் கொடுப்பதில் நாங்கள் ஓரளவுதான் உதவ முடியும். பிரசல்ஸில் அலுவலகம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகம், கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து ஒன்று வைத்திருக்கின்றன. ஆனாலும் நல்ல கூட்டமைப்பு பெரும்பாலும் மாநாட்டு இடைவேளையில் நீங்கள் நட்பாகப் பேசியவர்களிடமிருந்துதான் பிறக்கிறது. ஊரில் உள்ள பழைய ஆய்வுக்கூடத்தைச் சேர்க்கலாமா என்றும் பின்னால் கேட்பீர்கள். சேர்க்கலாம். ஆனால் இந்திய நிறுவனங்களுக்குப் பொதுவாகத் தானாகப் பணம் வராது; தங்கள் செலவைத் தாங்களே கொண்டுவர வேண்டும், அல்லது அந்த அழைப்பு வெளிப்படையாக அனுமதித்திருக்க வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் நிதி பெறத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலில் வருகின்றன. இந்த வித்தியாசம் நம் ஆட்கள் பலருக்குத் தெரியவில்லை.

எந்த அலுவலகத்தாலும் சரிசெய்ய முடியாத விஷயங்களும் உண்டு. 2021-இல் சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டதும், அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஈஆர்சி வாசலிலிருந்து வெளியே நின்றன. பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டனிலும் அதேதான். பிரிட்டன் 2024 தொடக்கத்தில்தான் மீண்டும் இணைந்தது. இடைப்பட்ட காலத்தில் நிதி வென்ற சிலர், நாடு மாறுவதா நிதியை விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. 2028 முதல் வரும் அடுத்த திட்டத்துக்கு 17,500 கோடி யூரோ வேண்டும் என்று ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்திருக்கிறது. முன்மொழிவில் உள்ள தொகையே கடைசியில் வரும் என்று எண்ணித் திட்டம் போட வேண்டாம்.

நிதி கிடைத்த பிறகு என்ன நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்கள் இப்போது கவலைப்பட வேண்டிய பகுதி இல்லை. ஒப்பந்தத் தயாரிப்பு, அறநெறி அனுமதி, கூட்டாளிகளோடு உடன்படிக்கை, ஒவ்வொரு மாதமும் இந்தத் திட்டத்தில் எத்தனை நாள் உழைத்தீர்கள் என்ற கையெழுத்து. கடைசியதைச் சிறு விஷயமாக நினைக்காதீர்கள். ஐரோப்பிய தணிக்கை நீதிமன்றம் ஆய்வு நிதியில் காணும் பிழைகளில் முதன்மையானது பணியாளர் செலவுதான். கடைசித் தவணை வந்து ஐந்து ஆண்டு வரை அந்தத் தாள்களை வைத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு நிதி ஆள் இதைப் பார்த்துக்கொள்வார். அவரோடு நல்ல உறவில் இருங்கள்.

இந்த வாரம் என்ன செய்வது? சந்திப்புக்கு நேரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரே ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போங்கள்: என்ன கேள்வி, ஏன் இப்போது, ஏன் நீங்கள். தன்விவரக் குறிப்பில் பேராசிரியர் பெயர் இல்லாத கட்டுரைகளைத் தனியாகக் குறித்துக் காட்டுங்கள். கடைசித் தேதி பற்றி ஒரு குறிப்பு: இணையதளம் பிரசல்ஸ் நேரம் மாலை 5 மணிக்கு மூடும், அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதே செல்லும். அதனால் முதல் நாளே ஒரு பிரதியை அனுப்பி வைத்துவிடுங்கள். அப்புறம், உங்கள் பட்டம் இந்தியாவில் பெற்றது என்பதால் இதை இன்றே தொடங்குங்கள்: ஈஆர்சி ஆண்டுக் கணக்கைத் தொடங்குவது நீங்கள் வாய்மொழித் தேர்வில் தேறிய நாளிலிருந்து. நம் ஊர்ப் பட்டச் சான்றிதழில் பெரும்பாலும் பட்டமளிப்பு விழாத் தேதிதான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆண்டுகூட இருக்கலாம். வாய்மொழித் தேர்வுத் தேதியைக் குறிப்பிட்டு உங்கள் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு கடிதம் வேண்டும். அது கைக்கு வந்து சேரச் சில மாதங்கள் ஆகலாம்.